பனிச்சறுக்கு பைண்டிங்: எந்தத் திருகை எதற்காகத் திருப்புவது

சுங்கை சிப்புட்டில் வளர்ந்து இப்போது ஈப்போவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வரும் ஜனவரியில் மனைவியையும் 14 வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோவுக்குச் செல்கிறார். ஆகஸ்டில் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனுக்கும் போகும் எண்ணம் இருக்கிறது. மூன்று பயணங்களில் வாடகைப் பலகையில் சறுக்கிப் பழகிவிட்டதால், இனிச் சொந்தமாக வாங்கலாம் என்று நினைக்கிறார். பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு பூட்டும் பைண்டிங் என்ற கருவியைப் பற்றி அவர் கேட்டது இதுதான்: “அண்ணே, மாற்றியமைக்கக்கூடிய பைண்டிங் ஒன்றை வாங்கிவிட்டால், மெத்தென்ற பனியில் தளர்த்தியும் இறுகிய பனியில் முறுக்கியும் வைத்துக்கொள்ளலாமா? ஒரே ஜோடிப் பலகையை நானும் மனைவியும் மாறி மாறிப் பயன்படுத்தலாமா? மலையேறிச் சறுக்குவதற்கும் சேர்த்தே ஒன்று வாங்கிவிடலாமா?”

சுங்கை சிப்புட் போன்ற சிறுநகரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவனிடம் இதைக் கேட்பானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். பட்டறை வைப்பதற்கு முன் குயின்ஸ்டவுனில் ஒரு வாடகைக் கடையின் பின்கட்டில் ஏழு குளிர்காலங்கள் பைண்டிங் பூட்டியும் சோதித்தும் பிழைத்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, பைண்டிங்கில் மாற்றியமைக்கக்கூடியவை மூன்று. பூட்ஸின் நீளத்துக்கு ஏற்பக் குதிப்பகுதியை, அதாவது குதிகால் பக்கத்தைப் பிடிக்கும் பின்பகுதியை, நகர்த்துவது ஒன்று. கால் எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சுருள்வில்லை முறுக்குவது இன்னொன்று. பைண்டிங் முழுவதையும் பலகையின் மீது முன்னோ பின்னோ தள்ளுவது மூன்றாவது. முதலாவது பூட்ஸைப் பொறுத்தது, இரண்டாவது சறுக்குபவரின் உடலையும் அவர் சறுக்கும் விதத்தையும் பொறுத்தது, மூன்றாவது மட்டுமே பனியைப் பொறுத்தது. உங்கள் கேள்வியில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் செய்த தவறும் இதுதான் என்பதால் வருத்தப்பட ஏதுமில்லை.

பைண்டிங்குக்கு இரண்டு வேலைகள், அவை ஒன்றுக்கொன்று முரணானவை. சறுக்கும்போது பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்க வேண்டும், விழும்போது எலும்பு முறிவதற்கு முன் விட்டுவிட வேண்டும். ஒரு காலத்தில் பிடிப்பது மட்டுமே அதன் வேலையாக இருந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லாண்டில் குடியேறிய ஹ்யால்மர் ஹ்வாம் என்ற வீரர் 1937-இல் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோதுதான், காலை விடுவிக்கும் முன்பகுதி ஒன்றைப் பற்றி யோசித்தார். 1939-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றைய பைண்டிங்கில் முன்பகுதி முறுக்கத்துக்குப் பக்கவாட்டில் திறக்கிறது, குதிப்பகுதி முன்னோக்கிக் கவிழும்போது மேல்நோக்கித் திறக்கிறது. இரண்டிலும் ஒரு சிறு சாளரத்தில் ஓர் எண் தெரியும். ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்ததால் அதை டி.ஐ.என். எண் என்பார்கள். நான் விடுவிப்பு எண் என்கிறேன்.

அந்த எண்ணைக் கணிக்க ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரநிலையில் ஓர் அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் வகை ஆகிய ஐந்தையும் அது கேட்கிறது. எடையும் உயரமும் வெவ்வேறு வரிசையில் விழுந்தால் குறைந்த எண் தரும் வரிசையை எடுக்க வேண்டும். 50 வயதைத் தொட்டவர்களுக்கு ஒரு வரிசை இறக்குவார்கள், எனக்கும் இறக்கியாயிற்று. நிதானமாகச் சறுக்குபவர் முதல் வகை, வேகமாகவும் செங்குத்தான சரிவிலும் இறங்குபவர் மூன்றாம் வகை, இடைப்பட்டவர் இரண்டாம் வகை. பூட்ஸின் அடி நீளமாக இருந்தால் எண் குறையும். நெம்புகோல் நீளமாக நீளமாக அதே முறுக்கத்தைக் குறைந்த விசையே உண்டாக்கிவிடும் என்பதே காரணம். பட்டறையில் நீளக் கைப்பிடிச் சாவியைக் கையாண்டவருக்கு இது புரியும்.

இந்த ஐந்தில் பனி இல்லை என்பதைக் கவனியுங்கள். பால்மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து வந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. கத்தி பட்டைக்குள் போதிய ஆழம் இறங்காவிட்டால் பால் வடியாது, ஒரு நூல் கூடுதலாக இறங்கினால் மரத்தில் காயம்பட்டு அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழத்தை மரத்தின் பட்டைதான் முடிவு செய்கிறது. மழை பெய்தால் அன்றைக்கு வெட்டப் போகமாட்டார்கள், மழைக்காகக் கத்தியை ஆழமாக இறக்கவும்மாட்டார்கள். விடுவிப்பு எண்ணும் அப்படித்தான். உங்கள் எலும்பின் வலிமை நிசேகோவில் ஒன்றாகவும் குயின்ஸ்டவுனில் வேறாகவும் இருக்கப்போவதில்லை. சறுக்கும் வகை மாறினால் எண் மாறும், உடல் எடை கணிசமாகக் கூடிக் குறைந்தால் மாறும், பூட்ஸ் மாறினால் மாறும். காலையில் பனி இறுகியிருக்கிறது என்பதற்காக மாறாது.

அப்படியானால் இறுகிய பனியில் பலகை கழன்றுகொள்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். மூன்றாவது பருவத்தில், கொரோனெட் பீக் மலையில் ஒரு காலை நேரம், வேகமாகத் திரும்பும்போது குதிப்பகுதி இரண்டு முறை தானாகத் திறந்துகொண்டது. தொழில் தெரியும் என்ற திமிரில், அங்கேயே திருப்புளியை எடுத்து இரு பகுதிகளிலும் ஒன்றரை எண் கூட்டிவிட்டேன். பிற்பகலில் வெயில் பட்டுப் பனி கஞ்சிபோல் குழைந்திருந்தபோது, ஏறக்குறைய நின்ற நிலையில் மெதுவாகச் சாய்ந்து விழுந்தேன். பலகை கனமான பனிக்குள் சிக்கிக்கொண்டது, பைண்டிங் விடவில்லை, முழங்கால் திருகிக்கொண்டது. ஆறு வாரம் பட்டறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை பார்த்தேன். பிறகு நிதானமாகச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த வாரந்தான் நான் புது பூட்ஸுக்கு மாறியிருந்தேன். அதன் அடி பழையதைவிட 4 மில்லிமீட்டர் குறைவு. குதிப்பகுதியை அதற்கேற்ப முன்னுக்கு நகர்த்த மறந்துவிட்டேன்.

குதிப்பகுதி வெறுமனே பூட்ஸின் பின்விளிம்பைக் கவ்வுவதில்லை. ஒரு சுருள்வில்லின் துணையோடு அது பூட்ஸை முன்பகுதியை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதற்கு முன்னழுத்தம் என்று பெயர். பலகை வளையும்போது குதிப்பகுதி தன் தடத்தில் சற்றே பின்னுக்கு நழுவி, பலகை நிமிரும்போது திரும்பி வர வேண்டும். முன்னழுத்தம் போதாவிட்டால் குலுக்கலில் பூட்ஸ் கழன்றுவிடும், மிகுந்துவிட்டால் விடுபட வேண்டிய நேரத்தில் விடுபடாது. பூட்ஸை மாட்டிய நிலையில் குதிப்பகுதியின் பின்னாலோ பக்கத்திலோ உள்ள அடையாளக்கோடு குறித்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணமில்லாமல் பலகை கழல்கிறது என்று வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். அடுத்துப் பார்ப்பது பூட்ஸின் அடியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்பதை. எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

இறுகிய பனிக்கு உண்மையில் உதவுவது வேறொன்று. பூட்ஸ் ஒரு சிறு அதிர்ச்சியில் பக்கவாட்டில் நகர்ந்து, விடுபடாமல், மீண்டும் நடுவுக்கே வந்து நிற்கக்கூடிய தூரம் ஒவ்வொரு பைண்டிங்குக்கும் ஒவ்வொரு அளவில் இருக்கிறது. அதை மீள்தூரம் என்று வைத்துக்கொள்வோம். உறைந்த தடத்தில் பலகைக்குக் கிடைப்பவை கூர்மையான, கண நேர அடிகள். மீள்தூரம் மிகுந்த பைண்டிங் அந்த அடியை உள்வாங்கிக்கொள்ளும், மீள்தூரம் குறைந்த பைண்டிங் அதே எண்ணிலும் கழன்றுவிடும். லுக் நிறுவனத்தின் பிவட் வகை, காலுக்கு நேர் கீழே சுழலும் குதிப்பகுதியோடு இந்தக் குணத்துக்காகவே பெயர் பெற்றது. ஆனால் அதில் பூட்ஸ் நீளத்துக்கு ஏற்ப நகர்த்தும் இடம் மிகக் குறுகலானது. ஒரே பூட்ஸை வைத்துக்கொண்டு பல ஆண்டு சறுக்குபவருக்குப் பொருந்தும், உங்களைப் போல் பகிர்ந்துகொள்ள நினைப்பவருக்குப் பொருந்தாது. நியூசிலாந்து மலைகளில் இயந்திரத்தால் உண்டாக்கும் பனி அதிகம். இரவில் உறைந்து காலையில் கல்லாக இருக்கும், பிற்பகலில் குழையும். ஒரே நாளில் இரண்டு பனியையும் சந்திக்கும் அந்த ஊருக்கு, உங்கள் எண்ணிலேயே வைத்த, மீள்தூரம் நன்றாக உள்ள பைண்டிங்தான் தேவை.

பலகையிலிருந்து பூட்ஸின் அடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும் இறுகிய பனியில் வேறுபாட்டைக் காட்டும். உயரம் கூடினால் பலகையின் விளிம்பைப் பனிக்குள் அழுத்துவதற்கு நெம்புவலிமை கூடும். பந்தய வீரர்கள் உயர்த்தும் தகடு போடுவது இதற்காகத்தான், சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பந்தயங்களில் அந்த மொத்த உயரத்துக்கு 50 மில்லிமீட்டர் என்று வரம்பும் உண்டு. 2018-இலும் 2022-இலும் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஜெஃப்ரி வெப் இறங்கியதிலிருந்து, வீரர்கள் வைக்கும் பெரிய எண்ணையே நாமும் வைக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பந்தய வீரரின் எண் அவருடைய வேகத்துக்கும் பயிற்சிக்கும் உரியது. அதைக் கண்டு நம் எண்ணை உயர்த்துவது, அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

இனி நிசேகோ. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு ஹொக்கைடோவின் மலைகளில் கொட்டுவதால், அங்கு விழும் பனி உலர்ந்து, எடையற்று இருக்கும். முழங்கால் ஆழத்துக்குப் புதுப் பனி கிடக்கும் நாளில் பலகையின் முன்நுனி மேலே மிதக்க வேண்டும். இங்கேதான் நான் முதலில் சொன்ன மூன்றாவது திருகு பயன்படுகிறது. முன்பகுதியும் குதிப்பகுதியும் சேர்ந்து தண்டவாளத்தில் நகரும் வகை பைண்டிங்கில், முழுவதையும் ஒரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் நுனி எளிதாக எழும்பும். இறுகிய தடத்துக்குத் திரும்பும்போது பலகையில் குறித்துள்ள நடுக்கோட்டுக்கே கொண்டுவந்துவிடலாம். வாடகைக் கடைகளில் பார்த்திருப்பீர்களே, திருப்புளி நுழைத்து நொடியில் நீளத்தை மாற்றுவார்கள், அந்த வகைதான். மார்க்கர் கிரிஃபான், டைரோலியா அட்டாக் போன்ற பெயர்பெற்ற மாடல்களுக்கு இந்தத் தண்டவாள வடிவமும் உண்டு. எடையும் உயரமும் சற்றுக் கூடுதல், அவ்வளவே குறை. ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் முன்னழுத்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பதை நான் திரும்பவும் சொல்வதற்கு மன்னியுங்கள்.

ஆழ்ந்த பனியில் எண்ணைத் தளர்த்தினால் என்ன ஆகும்? ஆழப் பனி இழுக்கும்போதெல்லாம் பலகை கழன்று பனிக்குள் புதைந்துபோகும். பைண்டிங்கின் பக்கத்தில் உள்ள தடுப்புக் கைகள் கெட்டியான தரையில்தான் பலகையை நிறுத்தும், பஞ்சுப் பனிக்குள் அவற்றால் பயனில்லை. ஒரு மணி நேரம் குச்சியால் குத்திக் குத்திப் பலகையைத் தேடியவர்களை நான் அறிவேன். நீளமான பளிச்சிடும் நாடா ஒன்றைப் பலகையோடு கட்டி, காற்சட்டையின் கீழ்மடிப்புக்குள் சுருட்டி வைத்துக்கொள்வது மலிவான தீர்வு.

அந்தத் தடுப்புக் கைகளின் அகலத்தையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். பலகையின் இடைப்பகுதி அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம், 15 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், திரும்பும்போது பனியில் உரசும். நிசேகோவுக்கும் குயின்ஸ்டவுனுக்கும் பொதுவாக ஒரே பலகை என்றால், இடை 90 முதல் 100 மில்லிமீட்டருக்குள் ஒன்றை எடுப்பேன். அதற்கு 100 மில்லிமீட்டர் தடுப்பு பொருந்தும்.

எண் எல்லையைத் தேர்வதில் கடைக்காரர் பேச்சுக்கு மயங்காதீர்கள். 74 கிலோ எடை, 172 சென்டிமீட்டர் உயரம், இரண்டாம் வகை என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பூட்ஸின் அடிநீளத்தைப் பொறுத்து உங்கள் எண் 5-க்கும் 7-க்கும் இடையில் வரும். உங்கள் எண் பைண்டிங்கின் எல்லைக்கு நடுவில் அமைய வேண்டும். 3 முதல் 11 வரையோ, 4 முதல் 13 வரையோ உள்ளது போதும். 6-இல் தொடங்கி 16 வரை போவதை வலுவானது என்று நினைத்து வாங்கினால், வில்லின் தொடக்க முனையிலேயே காலம் முழுக்க வேலை செய்ய வேண்டியிருக்கும், தளர்த்த வேண்டிய நாளில் தளர்த்த இடமிருக்காது. மகளுக்கு 45 கிலோ என்றால் அவளுடைய எண் 3-ஐ ஒட்டி வரக்கூடும். 2 முதல் 7 வரை உள்ள பைண்டிங்தான் அவளுக்குச் சரி. வளரும் பிள்ளை என்பதால் குதிப்பகுதி தடத்தில் தாராளமாக நகரக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பருவத்துக்கு ஒரு முறை பூட்ஸ் மாறினாலும் பலகையில் புதுத் துளை போட வேண்டியிருக்காது.

மனைவியோடு பகிர்ந்துகொள்ளும் யோசனையை நான் ஏற்கவில்லை. தண்டவாள பைண்டிங் இருந்தால் பூட்ஸ் நீளத்தைப் பொருத்திவிடலாம், உண்மைதான். ஆனால் உங்கள் இருவரின் எண்ணுக்கும் இடையே இரண்டுக்குக் குறையாத வேறுபாடு வரும்போல் தெரிகிறது. லிஃப்ட் வரிசையில் நின்றுகொண்டு, உறைந்த விரலோடு, நான்கு திருகுகளைத் திருப்பி, முன்னழுத்தம் பார்த்து, மறுபடியும் திருப்புவீர்கள். ஒருநாள் மறப்பீர்கள். மறந்த அன்று உங்கள் எண்ணில் அவர் விழுவார். தவிர, உங்களுக்கேற்ற நீளப் பலகை அவருக்கு 15 சென்டிமீட்டராவது அதிகம். அவருக்கு நிசேகோவில் வாடகைக்கே எடுத்துவிடுங்கள். அங்கே அது எந்தக் குறையும் இல்லாமல் நடக்கும்.

பூட்ஸின் அடிவகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான். பழைய வகை பூட்ஸின் அடி தட்டையான கெட்டி பிளாஸ்டிக், ஐ.எஸ்.ஓ. 5355 என்ற அளவுக்குச் செய்யப்பட்டது. இப்போது வரும் பூட்ஸ் பெரும்பாலும் கிரிப்வாக் எனப்படும் வளைந்த ரப்பர் அடி கொண்டது, நடக்க வசதியானது. அந்த அடி, உயரம் மாற்ற முடியாத பழைய பைண்டிங்கின் முன்பகுதியில் உரசிக்கொண்டு நிற்கும், விடுபட வேண்டிய நேரத்தில் வழுக்காது. பைண்டிங்கின் மீது கிரிப்வாக் என்ற குறியோ, பல அடிவகைக்கும் பொருந்தும் என்ற குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பைண்டிங்கை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் கடைகள் தொட்டுச் சரிசெய்யலாம் என்று அனுமதிக்கும் மாடல்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலிலிருந்து விழுந்த பைண்டிங்கை ஒழுங்கான கடை எதுவும் கையில் எடுக்காது.

மலையேறிச் சறுக்கும் பைண்டிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980-களில் உருவாக்கிய ஊசிமுனை வகை, எடையைப் பெரிதும் குறைத்தது. அதற்கு முனையில் உலோகக் குழி பதித்த பூட்ஸ் வேண்டும். ஏறும்போது ஊசிமுனையும் இறங்கும்போது சாதாரண முன்பகுதியுமாக மாறும் சலோமோன் ஷிஃப்ட் போன்ற கலப்பு வகையும் 2018 முதல் கிடைக்கிறது. நல்ல பொருள்தான், ஆனால் பனிச்சரிவுக் கருவிகளும் அவற்றில் பயிற்சியும் இல்லாமல் தடத்துக்கு வெளியே போகும் திட்டம் எதுவும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. பைண்டிங்கை வாங்கிவிட்டால் அதற்கான மலையைத் தேடத் தோன்றும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எட்லிங்கர், ஜான்சன், ஷீலி மூவரும் 1972 முதல் சறுக்கு விபத்துகளைத் தொடர்ந்து பதிவு செய்து வந்தார்கள். பைண்டிங் முன்னேறியதால் கெண்டைக்கால் எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது, முழங்காலின் குறுக்குத் தசைநார் கிழிவது அதே அளவுக்குக் குறையவில்லை என்று அந்தப் பதிவுகள் காட்டின. பின்பக்கமாகச் சாய்ந்து விழும்போது முழங்கால் திருகப்படும் விதத்தைச் சாதாரண பைண்டிங்கால் உணர முடிவதில்லை. எனக்கு நேர்ந்தது போன்ற விழுகைகளுக்குச் சரியான எண்ணும் முழுக் காப்பு அல்ல. விழப்போகிறோம் என்று தெரிந்த பின் எழுந்து நிற்கப் போராடாமல் விழுந்துவிடுவது நல்லது.

வாங்கியபின் வைக்கும் இடம் நம் ஊரில் ஒரு தனித் தொல்லை. செம்பனைக் காட்டுக்கு நடுவில், ஆண்டு முழுதும் ஈரமும் வெக்கையும் நிறைந்த வீட்டின் பின்கட்டில் பத்து மாதம் கிடக்கும் பைண்டிங்கின் திருகு துருப்பிடிக்கும், பூட்ஸின் பாலியூரித்தேன் ஓடு ஈரத்தால் சிதைந்து ஒருநாள் காலடியிலேயே உடையும். ஊருக்குத் திரும்பியதும் துடைத்து, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு பையிலிட்டு, குளிர்சாதன அறையின் அலமாரியில் வையுங்கள். துருவுக்குப் பயந்து என் பட்டறையில் இருப்பது போன்ற ஊடுருவும் எண்ணெயைப் பீய்ச்சினால், உள்ளே நிறுவனம் இட்ட கிரீஸ் கரைந்துவிடும். சொந்தமாகத் திருப்ப வேண்டி வந்தால், சாதாரண நட்சத்திரத் திருப்புளி திருகுத் தலையைத் தேய்த்துவிடும், போசிட்ரைவ் 3-ஆம் எண் வேண்டும்.

பொருத்தும் வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், என்னிடமும் கொண்டு வராதீர்கள். துளையின் அளவு 3.6 மில்லிமீட்டரா, உலோகத் தகடு பதித்த பலகைக்கு 4.1 மில்லிமீட்டரா என்பது எனக்குத் தெரியும், ஆனால் விடுவிப்பு விசையை அளந்து பார்க்கும் கருவி சுங்கை சிப்புட்டில் இல்லை. நிசேகோவில் இறங்கிய மறுநாள் காலை, சறுக்கப் போகும் பூட்ஸோடு ஒரு பட்டறைக்குப் போய், அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள். எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், வகையைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். அதற்கு முன், உங்களுடையதும் மகளுடையதுமான பூட்ஸின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும் அடிநீளத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த மாடலில் எந்த அளவு என்பதை அந்த இரண்டு எண்ணும் கிடைத்த பிறகு சொல்கிறேன்.